அவள் சொன்ன ஒரு வார்த்தை

‘மான்செஸ்டர் பை தி ஸீ’ படத்தில் ராண்டி தன் கணவனிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். மூன்று குழந்தைகளும் தீயில் போன பிறகு சொன்னது. என்ன சொன்னாள் என்று நமக்குத் தெரியாது. இரண்டேகால் மணி நேரப் படத்தில் அந்த வாக்கியம் வரவே வராது. பல வருடம் கழித்து அவனைத் தெருவில் சந்தித்து, அழுது, அப்படிச் சொன்னதற்காக அவள் மன்னிப்புக் கேட்பது மட்டும் வரும்.

அந்தத் தெருக்காட்சியைப் புகழாதவர்கள் குறைவு. மிஷெல் வில்லியம்ஸ் சில நிமிடங்களே திரையில் இருந்தும் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது அந்தக் காட்சியின் பலத்தில்தான். எனக்கும் அது நல்ல நடிப்பு என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதைப் பார்த்து முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. படத்தைப் பாருங்கள் என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் நான் மதிப்பவர்கள். இயக்குநர் கென்னத் லோனர்கனோ எனக்குப் பிடித்தமானவர். அதனால்தான் இந்த ஏமாற்றத்தைச் சும்மா விட முடியவில்லை.

படம் பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம், பாஸ்டனுக்குப் பக்கத்தில் குவின்சி என்ற ஊர். அங்கே சில அடுக்குமாடிக் கட்டடங்களில் குழாய் அடைப்பு எடுப்பது, பனி அள்ளுவது, குப்பை கொட்டுவது என்று வேலை பார்க்கிறான் லீ சாண்ட்லர். ஒற்றை அறையில் தனியாக இருக்கிறான். யாரோடும் பேசமாட்டான். குடித்தால் மதுக்கடையில் முன்பின் தெரியாதவனை அடிப்பான். அவனுடைய அண்ணன் ஜோ இதய நோயால் இறந்துபோகிறார். பதினாறு வயது மகன் பாட்ரிக்குக்கு லீதான் காப்பாளர் என்று உயிலில் எழுதிவைத்திருக்கிறார். அதற்காக லீ, தான் விட்டுவந்த கடலோர ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏன் விட்டுவந்தான் என்பது படத்தின் நடுவில்தான் தெரிகிறது. ஒரு குளிர்கால இரவு, நண்பர்களோடு குடித்துக்கொண்டிருந்துவிட்டு, கணப்பில் விறகு போட்டுவிட்டு, அதன் முன்னால் வைக்க வேண்டிய கம்பித் தடுப்பை வைத்தோமா என்ற நினைவில்லாமல் பீர் வாங்கக் கடைக்கு நடந்துபோயிருக்கிறான். திரும்பி வரும்போது வீடு எரிந்துகொண்டிருக்கிறது. ராண்டியைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகளும் கைக்குழந்தையும் இல்லை.

2016 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட படம். அடுத்த ஆண்டு சிறந்த நடிகர், சிறந்த மூலத் திரைக்கதை என்று இரண்டு ஆஸ்கர் வாங்கியது. பேசாத குடும்பத்தைப் பற்றிப் பேசும் சுயாதீனப் படங்களில் இதற்கு ஒரு பெரிய இடம் உண்டு.

எனக்கு இதைப் பார்க்கச் சொன்னது என் அண்ணன். 2020 ஊரடங்கு சமயம். தானாகப் போன் செய்கிற ஆள் அல்ல அவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்ணிதான் பேசிவிட்டு, “இருங்க, உங்க அண்ணன்கிட்டக் குடுக்கறேன்” என்பார். அவர் வாங்கி “ம்… சாப்டியா… சரி” என்பார். அப்படிப்பட்டவர் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, ஒரு படம் பார்த்தேன், அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது என்றார். குரல் கம்மியிருந்தது. அப்பா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“அப்பா கெட்டவர் இல்ல. அவருக்கு உள்ள என்னமோ ஒடஞ்சிருந்துச்சு. நமக்குத்தான் புரியல” என்றார்.

நான் அடுத்த நாளே பார்த்தேன். அப்பாவைத் தேடிக்கொண்டு பார்க்கவில்லை. அம்மாவைத்தான் தேடினேன்.

எங்கள் வீட்டில் அப்பா அம்மாவிடம் ஒன்பது வருடம் பேசவில்லை. 1988இல் அப்பத்தா இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. பந்தியில் அம்மா பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பாக்கள் இருவரும் வீட்டையும் அறுபது சென்ட் நிலத்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, “எங்க பங்கு என்னாச்சு?” என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குள் அப்பா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது என்பது அந்தப் பந்தியில் அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அப்பா அம்மாவிடம் பேசவில்லை. எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு.

ஊரில் இதைச் சொல்லும்போது எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? “சபையில வச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டா. மனுஷன் ஒடஞ்சிட்டான்.” அந்த ஒரு வார்த்தை என்ன என்று யாரும் திருப்பிச் சொன்னதில்லை. சொன்னால் அது ஒரு கேள்வி என்பது தெரிந்துவிடும். நியாயமான கேள்வி என்பதும் தெரிந்துவிடும். நம் வீடுகளில் பெண் ‘ஒரு வார்த்தை’ சொல்லிவிட்டாள் என்றால் போதும், அது என்ன வார்த்தை என்று கேட்காமலே மீதிக் கதையை எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார்கள்.

ராண்டி தெருவில் மன்னிப்புக் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது அதனால்தான். எத்தனை பேருடைய பேச்சை லோனர்கன் நமக்குக் கேட்க வைக்கிறார்! போலீஸ்காரர்கள், வக்கீல், மருத்துவர், பாட்ரிக்கின் நண்பர்கள், அவனுடைய ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் என்று எல்லோரும் பேசுகிறார்கள். குழாய் அடைத்துக்கொண்ட வீட்டுப் பெண் தோழியிடம் போனில் பேசுவதைக்கூட லீ கேட்கிறான், நாமும் கேட்கிறோம். ஆனால் அவனை ஊரை விட்டுத் துரத்தியதில் பங்குள்ள, அவன் ராத்திரி தூங்காமல் கிடக்கும்போது காதில் ஒலிக்கக்கூடிய அந்த வாக்கியம் மட்டும் இல்லை.

இது லீயின் கதை, ராண்டியின் கதை இல்லையே என்று அண்ணன் கேட்டார். ஒத்துக்கொள்கிறேன். லீயின் கதைக்குத்தான் அந்த வாக்கியம் வேண்டும் என்கிறேன். ஒரு தோழி வேறு மாதிரி சொன்னாள்: மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் ஆத்திரத்தில் சொன்னதை வெளியே போட்டு அவளை அசிங்கப்படுத்தாமல் விட்டது இயக்குநரின் கருணை என்று. யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதைக் காட்டாதது கருணை என்றால், அதற்காக அவள் நடுத்தெருவில் குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு கதறுவதைக் காட்டியது என்ன? குற்றம் அவளிடம் இருக்கிறது, வாக்கியம்தான் இல்லை. அவள் சொன்னது கொடூரமானதாகவே இருக்கட்டும். அதைக் கேட்டிருந்தால் நாம் அவளோடும் கொஞ்சம் நின்றிருப்போம்.

தீ எரியும் காட்சியை இரண்டாவது முறை போட்டுப் பார்த்தேன். அல்பினோனி பெயரில் வழங்கிவரும் அடாஜியோ இசை ஓங்கி ஒலிக்கிறது. லீ வாங்கிவந்த பையைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறான். ராண்டியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறார்கள். ஸ்ட்ரெச்சரின் கால்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. ஆட்கள் திரும்பத் திரும்ப முயல்கிறார்கள். இது லோனர்கனுக்கே உரிய நுட்பம். உலகம் முடிந்துபோன வேளையிலும் ஒரு இரும்புக்கால் சிக்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். இதே நுட்பம் படம் முழுக்க இருக்கிறது. நிலம் உறைந்து கிடப்பதால் ஜோவைப் புதைக்க முடியாது, வசந்தம் வரும்வரை பிணத்தைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அது வரைக்கும் கல்லு மாதிரி இருந்த பையன், வீட்டு ஃப்ரீசரைத் திறக்கும்போது உறைந்த கோழி சரிந்து விழ, மூச்சுத் திணறி அழுகிறான். அதைப் பார்த்து நானும் அழுதேன். இவ்வளவு தெரிந்த மனிதர் ராண்டி விஷயத்தில் மட்டும் ஸ்ட்ரெச்சரைக் காட்டிவிட்டு இசையைக் கூட்டுகிறாரே என்பதுதான் என் வருத்தம்.

அந்தத் தீக்கு முன்னால் ராண்டி எப்படி வருகிறாள் என்பதும் கவனிக்க வேண்டியது. சளிப்பிடித்துப் படுக்கையில் கிடக்கிறாள். நள்ளிரவு தாண்டியும் கத்திக்கொண்டிருக்கும் கணவனின் நண்பர்களை, பிள்ளைகள் தூங்குகிறார்கள், வெளியே போங்கள் என்று திட்டி விரட்டுகிறாள். பிறகு போலீசில் லீ சொல்கிறான்: ஹீட்டர் போட்டால் ராண்டிக்கு சைனஸ் தொந்தரவு, தலைவலி, அதனால்தான் கணப்பை மூட்டினேன் என்று. அவன் மேல் நமக்கு இரக்கம் கூடட்டும் என்று எழுதப்பட்ட வரி அது. கூடத்தான் செய்கிறது. ஆனால் தீயின் கணக்கிலும் அவள் பெயர் ஒரு ஓரத்தில் ஏறிவிடுகிறது.

மற்ற பெண்கள் கதை இன்னும் மோசம். பாட்ரிக்கின் தாய் எலிஸ் குடிநோயாளி. பழைய காட்சியில் சோபாவில் நினைவில்லாமல் அலங்கோலமாகக் கிடக்கிறாள். இப்போது குடியை விட்டு, பக்தியான ஒருவரோடு வாழ்கிறாள். பல வருடம் கழித்து மகனை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறாள். மேசையில் பேச்சு ஓடவில்லை. நடுவில் எழுந்து உள்ளே போனவள் வரவில்லை. அப்புறம் மகனுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. அனுப்பியது அவள் இல்லை, அவளோடு வாழ்பவர். இனித் தொடர்பெல்லாம் தன் வழியாக இருக்கட்டும் என்கிறார். லீ பேசாமல் இருந்தால் அவன் மௌனத்துக்குள் போக நமக்கு ஒரு முழுப்படம். எலிஸ் பேசாமல் போனால் அடுக்களைக் கதவோடு கதை முடிந்துவிடுகிறது. இருவருமே குடியில் குடும்பத்தைத் தொலைத்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பாட்ரிக்கின் காதலி ஒருத்தியின் அம்மா, கீழே காத்திருக்கும் லீயோடு நாலு வார்த்தை பேசிப் பார்க்கிறாள். எதற்கும் பதில் இல்லை. கடைசியில் மேலே போய்ப் பிள்ளைகளிடம், இந்த ஆளோடு பேசவே முடியவில்லை என்கிறாள். தியேட்டரில் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பேச முயல்கிறவள் கோமாளி, பேசாதவன் ஆழமானவன் என்ற கணக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கமானது.

அப்பாவை எல்லோரும் “அழுத்தமான மனுஷன்” என்பார்கள். “பாவம், வாயே தெறக்கமாட்டாரு” என்பார்கள். அம்மாவை வாயாடி என்பார்கள்.

அம்மா ஏன் வாயாடி ஆனார் என்று நான் சொல்கிறேன். ரேஷன் கடையில் சர்க்கரை எடை குறைந்தால் கேட்பது அம்மா. ஃபீஸுக்கு இன்னும் பத்து நாள் தவணை வேண்டும் என்று தலைமை ஆசிரியர் முன்னால் நிற்பது அம்மா. இழவு வீட்டுக்குப் போனால் அப்பா வெளியே பெஞ்சில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுது, எப்படிப் போச்சு, யாரெல்லாம் வந்தாங்க என்று விசாரித்து, வெளியே வந்து அப்பாவின் காதில் விழும்படி எங்களிடம் ஒப்பிப்பது அம்மா. கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தில் அப்பா பெயரைச் சொல்வதும் அம்மாதான். அப்பாவுடைய உறவு முறையெல்லாம் அறுந்துபோகாமல் இருந்தது அம்மாவின் வாயால். அவர் மௌனமாக இருக்க முடிந்ததே அதனால்தான். பேச ஆள் இல்லாத வீட்டில் ஒரு ஆண் பத்து நாள் மௌனமாக இருந்து பார்க்கட்டும், பால்காரனிடமாவது வாய் திறந்தாக வேண்டும்.

வீட்டுக்குள்ளே வேறு ஒரு மொழி நடந்தது. டம்ளரைச் சற்றுச் சத்தமாக வைத்தால் இன்னும் கொஞ்சம் மோர். தட்டைத் தள்ளினால் குழம்பில் ஏதோ சரியில்லை. என்ன சரியில்லை என்று அம்மாவே கண்டுபிடிக்க வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அன்றைக்கு அலுவலகத்தில் என்ன நடந்திருக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மாதம் முதல் தேதி சம்பளப் பணம் ரேடியோ பெட்டி மேல் இருக்கும். குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று கேட்க வழி இல்லை. கட்டாயம் வாயால் சொல்லியே ஆக வேண்டியவற்றுக்கு நான் இருந்தேன்.

“உங்கம்மாட்ட கேளு, பீரோ சாவி எங்கன்னு.”

அம்மா இரண்டடி தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். “அப்பாட்ட சொல்லு, ஆணியிலதான் தொங்குதுன்னு.”

நான் இருவரையும் பார்த்து அதையே திருப்பிச் சொல்வேன். சின்னப் பிள்ளைக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. பிறகு அதில் ஒரு பொறுப்பு வந்துவிட்டது. அம்மா “அவருக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று சொன்னால் நான் “ஆணியில இருக்காம்ப்பா” என்று மட்டும் சொல்வேன். அண்ணனை இந்த வேலைக்குக் கூப்பிட்டதே இல்லை. ஆம்பளைப் பிள்ளை, படிக்கட்டும். ஒரே வீட்டில் வளர்ந்தும் அண்ணனுக்கு அந்த ஒன்பது வருடம் அமைதியான வீடாகவும் எனக்கு ஓயாத இரைச்சலாகவும் நினைவில் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

1997இல் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பா கட்டில் பக்கத்தில் போய் நின்று “வலிக்குதா?” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வெளியே போனதும் பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், “ஒம்பது வருஷத்துக்கு ஒரு கேள்வி. அதுவும் பதில் தெரிஞ்ச கேள்வி” என்றார். வார்டே சிரித்தது. நர்ஸ் வந்து, தையல் பிரிஞ்சுரும், சிரிக்காதீங்கம்மா என்று அதட்டினார்.

அதற்கப்புறம் அப்பா பேசத் தொடங்கினார், தேவைக்கு மட்டும். அந்தப் பத்திரத்தைப் பற்றிக் கடைசி வரைக்கும் பேசவில்லை. அம்மா 2014இல் போனார்.

அண்ணன் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அப்பா அம்மா மேல் கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை, தன் மேல் இருந்த வெட்கத்தில் பேசாமல் இருந்தார் என்கிறார். அண்ணன்மார் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டோம் என்ற குற்றவுணர்வு. முகம் பார்க்க முடியவில்லை. லீயும் அப்படித்தானே என்கிறார். போலீஸ் அவனை, இதில் குற்றம் ஒன்றும் இல்லை, போகலாம் என்று அனுப்பும்போது அவனால் அதைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொள்கிறான். தண்டனை கிடைக்காதவன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனைதான் அந்த மௌனம் என்று அண்ணன் சொன்னபோது, படத்தை அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார் என்று பட்டது. இருக்கலாம். அப்பாவுக்கும் அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அப்பா தனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனையை ஒன்பது வருடம் அனுபவித்தது யார்?

படத்தில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண்கள் ஆண்களைப் பார்த்துக்கொள்ளும் படம் இது. ஜோ தன் தம்பியின் வெறும் அறையைப் பார்த்து மனம் பொறுக்காமல் கடைக்கு இழுத்துப்போய் மேசை நாற்காலி வாங்கித்தருகிறார். அண்ணன் அழுதது அங்கேதான் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட காட்சிகள் நம் படங்களில் அரிது. ஆனால் கடைசியில் பாட்ரிக்கை யார் வளர்ப்பது என்று வரும்போது, குடும்ப நண்பர் ஜார்ஜும் அவர் மனைவியும் தத்தெடுத்துக்கொள்வார்கள் என்று முடிகிறது. ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கும் வீடு. அந்த மனைவிக்குப் படத்தில் எத்தனை வசனம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். லீயால் முடியவில்லை என்பதைச் சொல்லப் படம் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த அம்மாவால் முடியுமா என்பது கேள்வியாகவே வரவில்லை.

லோனர்கனுக்குப் பெண்கள் பேசுவதை எழுதத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவருடைய ‘மார்கரெட்’ என்ற படத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் பேருந்து விபத்து ஒன்றுக்குத் தானும் காரணம் என்று தவிக்கும் பதினேழு வயதுப் பெண் லிசா. வாயை மூடவே மாட்டாள். அம்மாவிடம், ஆசிரியர்களிடம், வக்கீல்களிடம், முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் வாதம் செய்வாள், கத்துவாள், எல்லோரையும் களைப்படைய வைப்பாள். அவளும் குற்றவுணர்வில்தான் இருக்கிறாள், லீயைப் போலவே. அவள் அதைப் பேசித் தீர்க்கப் பார்க்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். 2005இல் படப்பிடிப்பு நடந்த அந்தப் படம், எவ்வளவு நீளம் என்ற தகராறில் வருடக்கணக்கில் எடிட்டிங் அறையில் மாட்டிக்கொண்டு, வழக்குகளைத் தாண்டி 2011இல் மிகச் சில திரையரங்குகளில் வந்து போனது. பேசும் பெண்ணின் படம் நீளமாக இருக்கிறது என்று வெட்டச் சொன்ன அதே உலகம், பேசாத ஆணின் படத்துக்கு எழுந்து நின்று கைதட்டியது. இரண்டுக்கும் நேர்க்கோடு போட முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ‘மார்கரெட்’ எடுத்தவரிடம் நான் எதிர்பார்த்தது ராண்டியின் அந்த வாக்கியத்தைத்தான்.

கைதட்டல் என்றதும் இன்னொன்று. 2017 ஆஸ்கர் விழாவில் கேஸி அஃப்லெக்குக்குச் சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தவர் பிரீ லார்சன். கொடுத்துவிட்டுக் கைதட்டாமல் நின்றார். 2010இல் அஃப்லெக் இயக்கிய படமொன்றில் வேலை செய்த இரண்டு பெண்கள் அவர் மீது பாலியல் தொந்தரவுப் புகாருடன் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார். வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தன. என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. வெளியே சமரசமாகும் வழக்கில் யார் என்ன சொன்னார்கள் என்பதும் நம் காதுக்கு வராது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

பேசாத குடும்பத்தைப் படமாக்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோரே-எடாவின் ‘ஸ்டில் வாக்கிங்’ (2008) என்ற ஜப்பானியப் படம் இருக்கிறது. அதிலும் இறந்துபோன பிள்ளை. அதிலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் அப்பா. ஓய்வுபெற்ற மருத்துவர். ஆனால் அங்கே அம்மா இருக்கிறார். கிரின் கிகி நடித்த அந்த அம்மா முள்ளங்கி சீவுகிறார், சோளத்தை உதிர்த்து எண்ணெயில் பொரிக்கிறார், ஓயாமல் பேசுகிறார். நம் வீட்டு அம்மா மாதிரியே வளவளவென்று. அந்த வளவளப்புக்குள்ளே இரண்டு இடத்தில் கத்தி மின்னும். மூத்த மகன், கடலில் மூழ்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் இறந்தவன். பிழைத்த அந்தச் சிறுவன் இப்போது பருமனான, தடுமாறும் இளைஞன். ஒவ்வொரு வருடமும் நினைவு நாளுக்கு அவனை அழைத்து உட்காரவைக்கிறார்கள். பாவம், இனி விட்டுவிடலாமே என்று இளைய மகன் சொல்லும்போது, அவன் வருடத்துக்கு ஒரு நாளாவது கஷ்டப்படட்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறேன் என்று அம்மா பின்னல் வேலையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். இன்னொரு இடத்தில், ஒரு பழைய பாப் பாட்டு இசைத்தட்டைப் போடச் சொல்கிறார். கணவர் வேறொரு பெண்ணின் வீட்டில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்ததை வெளியே நின்று கேட்டுவிட்டு, வாங்கி, அத்தனை வருடம் பெட்டிக்குள் வைத்திருந்தது அது. கணவரின் மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் படம் அவ்வளவாக மெனக்கெடவில்லை. பேச்சுக்கு அடியில் அந்த அம்மா என்னத்தைப் பூட்டி வைத்திருந்தார் என்றுதான் பார்க்கிறது. அவரை நல்லவராகக் காட்டவும் இல்லை. அவர் சொன்னது கொடூரம்தான். ஆனால் அதை அவர் வாயால் நாம் கேட்கிறோம். கேட்ட பிறகும் அவரை வெறுக்க முடியவில்லை.

அந்தப் படத்தின் சுட்டியை அண்ணனுக்கு அனுப்பினேன். ரொம்ப மெதுவாகப் போகிறது, பாதியில் தூங்கிவிட்டேன் என்றார். அண்ணி முழுதாகப் பார்த்துவிட்டு மறுநாள் எனக்குச் செய்தி போட்டார்: “அந்தம்மா எங்கம்மாவேதான்.”

போன மே மாதம் அண்ணி கூப்பிட்டார். பண்டிகை ஒன்றும் இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

“உங்க அண்ணன் பன்னெண்டு நாளா பேசல. பாப்பா மூலமாத்தான் எல்லாம். நீங்க ஒருதரம் பேசிப் பாக்கறீங்களா? தப்பு என் மேலதான், நான்தான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னீங்க அண்ணி?”

“அது விடுங்க.”

“இல்ல, சொல்லுங்க. நீங்க சொன்னத அப்படியே சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் டிவி மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்.

“என்னைக் கேக்காம அவர் ஃபிரண்டு லோனுக்கு எதுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டீங்கன்னு கேட்டேன்.”

“எவ்வளவுக்கு?”

“நாலு லட்சம்.”